தோட்டத்து வீட்டுக்கு எதுக்குங்க கிராபிக்ஸ் கார்டு?

"கிராமத்துக்கு இது போதும்."

இந்த வாக்கியத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரோடா? கிராமத்துக்கு இது போதும். பஸ்ஸா? கிராமத்துக்கு இது போதும். பள்ளிக்கூடமா? ரெண்டு வாத்தியார் போதும். இப்போது கம்ப்யூட்டருக்கும் அதே வாக்கியம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டோம் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் சொன்னதற்கு வந்த பதில்களைப் பிழிந்து பார்த்தால், மிஞ்சுவது இந்த ஒரு வரிதான். பாதிப் பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். மீதிப் பேர் அறிவுரை சொன்னார்கள்.

சின்ன வெங்காய விலை, தென்னையில் வெள்ளை ஈ என்று வழக்கமாக எழுதுவதை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டவுன்காரர்கள் என்று தெரியும். உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்து வீட்டைவிடக் கிராமத்து வீட்டுக்குத்தான் நல்ல கம்ப்யூட்டர் தேவை. எது போதும், எது போதாது என்பதை அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். விற்கிறவர் சொல்லக்கூடாது. தூரத்தில் இருந்து பார்த்துப் பரிதாபப்படுகிறவரும் சொல்லக்கூடாது. மீதியெல்லாம் இதற்கான கணக்கு.

பஸ் கணக்கு

மகள் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் கட்டிடக்கலை இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பேப்பரில் பிளான் போட்டுக் கொடுத்தால் மட்டும் அங்கே ஆகாது. கட்டிடத்தை முப்பரிமாணத்தில் கட்டி, எந்த ஜன்னல் வழியாக வெயில் விழும், சுவர் எப்படித் தெரியும் என்று நிஜப் படம் மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்கிறாள். கார்டு இல்லாமல் எங்கள் மிஷினில் ஒரு படம் வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. படம் வந்த பிறகுதான் சுவர் நிறம் சரியில்லை என்பதே தெரியும். மாற்றினால் மறுபடி நாற்பது நிமிஷம். ஒரு ராத்திரியில் அஞ்சாறு தடவை திருத்தினாலே விடிந்துவிடும்.

சென்னையில் இருக்கும் மச்சான் போன் போட்டார். வீட்டம்மாவின் அண்ணன்.

"ஏனுங்க மாப்ள, தோட்டத்துக்குள்ள குடியிருந்துக்கிட்டு கேம் கார்டு வாங்கி என்னங்க பண்றீங்க? அம்முணிய காலேஜ் லேப்லயே முடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

"லேப் எத்தன மணி வரைக்குங்க மச்சான் தெறந்திருக்கும்?"

"ஏழு மணி வரைக்கும் இருக்குமுங்க."

இருக்கிறது. ஏழு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் பல்லடத்தில் இருந்து எங்கள் ஊருக்கு வரும் கடைசி பஸ் ஆறே முக்காலுக்கு. அதைப் பிடிக்க வேண்டுமானால் அவள் நாலரைக்குள் காலேஜ் கேட்டைத் தாண்ட வேண்டும். காலேஜ் விடுவதே நாலு மணிக்கு. அந்த லேப் அவளுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற கோயமுத்தூர்ப் பிள்ளைக்கு மூணு மணி நேரம். அதுவும் போதவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குத் தோழி வீடு இருக்கிறது, சித்தப்பா ஆபீஸ் இருக்கிறது, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காரும் சென்டர் இருக்கிறது.

நகரத்துப் பிள்ளைக்கு வீட்டு கம்ப்யூட்டர் நாலு வழியில் ஒரு வழி. எங்கள் பிள்ளைக்கு அது ஒன்றுதான் வழி. அப்புறம் யாருக்கு நல்ல மிஷின் வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

மத்த அறிவுரைகளையும் பார்த்துவிடலாம். "ஹாஸ்டல்ல சேர்த்துடுங்க" என்றார் ஒருத்தர். ஒரு செமஸ்டர் ஹாஸ்டலுக்குக் கட்டுகிற காசில் இந்த மாதிரி ரெண்டு கார்டு வாங்கலாம். "ஆன்லைன்ல அனுப்பினா அவங்களே ரெண்டர் பண்ணித் தருவாங்க" என்றார் இன்னொருத்தர். எங்கள் தோட்டத்தில் போனைத் தண்ணித் தொட்டி மேல் வைத்தால்தான் ரெண்டு கோடு காட்டும். அந்த ரெண்டு கோட்டில் ஒரு பைலை மேலே ஏற்றுவதற்குள் மிளகாய்க்குத் தண்ணி கட்டிவிட்டு வந்துவிடலாம்.

"கேமிங் லேப்டாப் வாங்கிக் குடுங்க" என்பதுதான் நிறையப் பேர் சொன்னது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பு போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மூணு வருஷம் கழித்து அது போதவில்லை என்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். டிராக்டர் டயர் தேய்ந்தால் டயரை மாற்றுகிறோம், டிராக்டரை யாராவது மாற்றுவார்களா? மேஜையில் வைக்கிற கம்ப்யூட்டர் இன்னும் அந்த டிராக்டர் சாதிதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டலாம். விவசாயிக்கு ஏற்ற மிஷின் அதுதான்.

ரெண்டு கடை, ரெண்டு பதில்

எங்கள் மிஷின் ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துக் கட்டியது. இன்டெல் ஐ5, 8-ஆம் தலைமுறை, 2018-இல் வந்த ரகம். கோயமுத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். வீட்டில் நாலு பேருக்கும் அது ஒன்றுதான். எனக்கு சிட்டா, அடங்கல், வானிலை, இந்த பிளாக். வீட்டம்மாவுக்கு மகளிர் குழு கணக்கு. ஒன்பதாவது படிக்கிற பையனுக்குக் கேம். மகளுக்குப் படிப்பு.

கார்டு விசாரிக்க ஏறி இறங்கின கடைகளில் முதல் கடையில் பெட்டியின் பெயரைக் கேட்டதுமே, "இதெல்லாம் பழசுங்கண்ணா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒரு செட்டு போட்டுக்கலாம்" என்றார் அந்தத் தம்பி. பெட்டியைத் திறக்கவில்லை. என்ன வேலை என்று கேட்கவில்லை. அடுத்த கடையில், "வீட்டுக்குத்தானுங்க? இந்த 4 ஜிபி கார்டு போதும்" என்று தூசி தட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பார்த்தால் ஜிடி 730. 2014-இல் வந்த சரக்கு, உள்ளே டிடிஆர்3 மெமரி. நம்ம ஐ5-க்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸைவிடப் பெரிதாக ஒன்றும் கிழிக்காது. ஜிபி நிறைய இருந்தால் கார்டு வேகம் என்று நினைப்பது, வயிறு பெருசாக இருக்கிற மாடு பால் அதிகம் கறக்கும் என்று நினைக்கிற மாதிரி.

ஒருத்தர் பேராசைக்கு மேலே இழுக்கிறார், ஒருத்தர் இளக்காரமாகக் கீழே தள்ளுகிறார். ரெண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: "என்ன வேலைக்கு?"

போருக்கு மோட்டார் வாங்கப் போகிறவன் நேராக "10 எச்பி குடுங்க" என்று கேட்பதில்லை. எத்தனை அடி ஆழம், தண்ணி எங்கே நிற்கிறது, ஊத்து எவ்வளவு, கேபிள் என்ன சைஸ் என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் எச்பி பேச்சே வரும். கார்டும் அப்படித்தான்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

முதல் கேள்வி, கார்டு வேண்டுமா என்பதே. சத்தியமாகச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். சினிமா பார்க்க, பில் கட்ட, தமிழில் டைப் அடிக்க, கணக்குப் போட எந்தக் கார்டும் தேவையில்லை. கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறது என்றால், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் 8 ஆக்குங்கள், பெரிய வேலை என்றால் 16. மண்ணைப் பரிசோதனை பண்ணாமல் மூட்டை மூட்டையாக உரம் கொட்டினால் காசுதான் நட்டம். கம்ப்யூட்டருக்கு மண் பரிசோதனை டாஸ்க் மேனேஜர். உங்கள் வேலையை ஓடவிட்டு அதைத் திறந்து பாருங்கள். பிராசஸர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் இதில் எது 100-ஐத் தொட்டு மூச்சு வாங்குகிறதோ அங்கேதான் நோய். ரெண்டர் வேலைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. கார்டு இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுக்கப் பிராசஸர் தலையில் ஏறும். எங்கள் வீட்டில் பிராசஸர்தான் நாற்பது நிமிஷமும் நூறில் நின்றது.

ரெண்டாவது கேள்வி, கரண்டு. கார்டு வாங்குகிறவர்கள் கடைசியில் பார்ப்பதை முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ் என்று அதன் மேலேயே ஸ்டிக்கர் இருக்கும். எங்களுடையது 260. ஆபீஸுக்கென்று செய்த பெட்டிகளில் இப்படித்தான் சின்னதாக வைத்திருப்பார்கள். பலவற்றில் ஒயர் முனையும் அவர்களுக்கென்று தனியாக இருக்கும், கடையில் விற்கிற எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. அதனால் தனி கரண்டு ஒயர் கேட்காத கார்டுதான் நமக்குச் சரி.

கார்டு செருகுகிற அந்த நீள ஸ்லாட், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 16, அதிகபட்சம் 75 வாட்ஸ் கொடுக்கும். அதற்குள் ஓடுகிற கார்டுக்கு வேறு ஒயர் தேவையில்லை. அதைத் தாண்டினால் 6 பின் ஒயர் இன்னொரு 75, 8 பின் ஒயர் 150 என்று தனியாகக் கொடுக்க வேண்டும். "ஒயர் இல்லைன்னா என்னங்க, டிஸ்க்குக்குப் போற சாட்டா ஒயர்ல ஒரு கன்வர்ட்டர் போட்டுக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த சாட்டா முனை 12 வோல்ட்டில் சுமார் 54 வாட்ஸுக்குத்தான் தாங்கும். அதில் 75 வாட்ஸ் இழுப்பது, பியூஸ் போனால் கட்டுக்கம்பி வைத்துக் கட்டுகிற வேலை. ஓடும். என்றைக்குப் பற்றிக்கொள்ளும் என்பதுதான் தெரியாது.

மூணாவது, பெயரை நம்பாதீர்கள். இதில்தான் எனக்கு நிஜமான கோபம். ஒரே பெயரில் ரெண்டு கார்டு விற்கிற பழக்கம் இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. ஜிடி 1030 என்று 2017-இல் ஒன்று வந்தது, ஜிடிடிஆர்5 மெமரியோடு. அடுத்த வருஷமே அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொன்று வந்தது. முதலாவதன் மெமரி நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் ஓடும், ரெண்டாவது 17-ஐக் கூடத் தொடாது. பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3050-யும் அப்படியே. 2022-இல் வந்தது 8 ஜிபி, 130 வாட்ஸ், தனி ஒயர் வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 70 வாட்ஸ், ஒயர் வேண்டாம், வேகம் குறைவு. விதைப் பாக்கெட்டில் ஒரு ரகத்தின் பெயரைப் போட்டு வேறு ரகத்தை அடைத்தால் நாங்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம். இங்கே அதற்குப் பெயர் வியாபாரம். ஆகவே பெயர், மெமரி ரகம், மெமரி அளவு, வாட்ஸ் நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நாலாவது, வேலைக்கு ஏற்ற கார்டா? ஆர்எக்ஸ் 6400 என்று ஒன்று உண்டு. 53 வாட்ஸ்தான், சின்னப் பெட்டியிலும் உட்காரும், பார்க்க நமக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் ஸ்லாட்டின் 16 வழியில் அது 4 வழியைத்தான் பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 இருக்கிற புது போர்டில் பரவாயில்லை, எங்கள் மாதிரி 3 இருக்கிற பழைய போர்டில் அடி வாங்கும். வீடியோவைச் சுருக்கிக் கொடுக்கிற என்கோடரும் அதில் கிடையாது. கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர் அதை வாங்கினால் என்ன பிரயோஜனம்? இன்டெல்லின் ஆர்க் ஏ380 என்று இன்னொன்று. நல்ல கார்டுதான், ஆனால் ரீசைசபிள் பார் என்கிற வசதி போர்டில் இருந்தால்தான் தன் முழு வேகத்தைக் காட்டும். பழைய போர்டு பலவற்றில் அது இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இன்னும் செகண்ட் ஹேண்டில் ஓடுகிறது. 75 வாட்ஸ், நல்ல உழைப்பாளி. ஆனால் 2016-இல் வந்த அந்தத் தலைமுறைக்குப் புதுப்புது டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 தப்பித்துவிட்டது. அதிலும் தனி ஒயர் கேட்கிற ரகம், கேட்காத ரகம் ரெண்டும் இருக்கிறது, பார்த்து வாங்க வேண்டும்.

ரெண்டர் வேலையில், கட்டிடம், மரம், கண்ணாடி என்று வரைந்தது மொத்தமும் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். அதனால் மகள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து, கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3050-இல் அந்த 70 வாட்ஸ், 6 ஜிபி ரகத்தைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் அல்ல, மச்சான் அல்ல, நானும் அல்ல. அவள்.

விலை எழுதவில்லை. கார்டு விலையும் தக்காளி விலையும் ஒன்று. நீங்கள் படிக்கும்போது வேறாக இருக்கும். பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டுவதைக் கைவிட்டதும், ராப்பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவோமா? அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

ஒரு திருப்புளி போதும்

மாட்டுவதற்குத் தனியாக ஆள் வேண்டும் என்பது இன்னொரு பொய். மகள்தான் மாட்டினாள். நான் டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான். ஒருத்தருக்காவது உபயோகப்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஷட் டவுன் செய்து, பிளக்கையே கழற்றிவிட வேண்டும். அப்புறம் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சம் இருக்கிற கரண்டும் போய்விடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றுங்கள். எங்கள் மாதிரித் தோட்டத்து வீடு என்றால் முதலில் வாசலுக்குக் கொண்டுபோய்த் தூசியை ஊதிவிட்டு வாருங்கள். ஊதும்போது பேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டைத் தொடுமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும், உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்கிவிடும். பின்பக்கம் கார்டுக்கு நேராக இருக்கிற சின்னத் தகடுகளை எடுக்க வேண்டும். கார்டு ரெண்டு ஸ்லாட் அகலம் என்றால் ரெண்டு தகடு. அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஓட்டை விட்டால் பல்லி உள்ளே போய்க் குடும்பம் நடத்தும்.

கார்டை நேராக வைத்து, ரெண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் 'டக்' என்று ஸ்லாட்டின் கொக்கி பூட்டும். கேட்காவிட்டால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். ஸ்குரூவை முடுக்குங்கள். கார்டு தன் கனத்தில் தொங்கக்கூடாது.

இனிமேல்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம். மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலேயே, போர்டிலேயே செருகிவிட்டு, "கார்டு வேலை செய்யலை" என்பார்கள். கார்டின் பின்பக்கத்தில்தான் செருக வேண்டும். உங்கள் மானிட்டரில் பழைய நீல முனை விஜிஏ மட்டும் இருந்தால், இப்போதைய கார்டில் அதற்கு வாய் கிடையாது. உள்ளே சிப்பு வைத்த எச்டிஎம்ஐ - விஜிஏ கன்வர்ட்டர் தனியாக வாங்க வேண்டும், வெறும் ஒயர் வேலைக்கு ஆகாது. டிரைவரைக் கார்டு சிப்பு செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். பிளெண்டர்காரர்களுக்கு இன்னும் ஒரு படி உண்டு. பிரிபரன்சஸில் சிஸ்டம் பக்கத்தில் போய் ஆப்டிக்ஸ் என்பதில் கார்டை டிக் செய்ய வேண்டும், ரெண்டர் பக்கத்தில் டிவைஸை ஜிபியு என்று மாற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புதுக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், பிராசஸர்தான் பழையபடி முக்கிக்கொண்டிருக்கும்.

செய்து முடித்தாள். நாற்பது நிமிஷம் எடுத்த அதே படம் நாலு நிமிஷத்தில் வந்தது.

மிச்சமான முப்பத்தாறு நிமிஷத்தை டவுன்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். காலையில் அஞ்சரைக்கு எழுந்து ஆறே காலுக்கு பஸ் ஏறுகிற பிள்ளை அவள். ஒரு படத்துக்கு முப்பத்தாறு நிமிஷம் என்றால் ஒரு ராத்திரியில் அவளுக்குக் கிடைப்பது தூக்கம். இன்னொன்றும் கிடைக்கிறது. முன்னெல்லாம் முதலில் வந்த படத்தையே, "சரி போகட்டும்" என்று கொடுத்துவிடுவாள், திருத்த நேரம் இல்லாததால். இப்போது திருத்துகிறாள். மார்க் போடுகிற வாத்தியாருக்கு முன்னால் பிள்ளையின் அறிவு வந்து நின்றது, மிஷினின் வேகம் அதை மறைக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று பேசுகிறீர்களே, அதில் எவ்வளவு பங்கு அவர்கள் முன்னால் இருந்த மிஷினுடையது என்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா?

கரண்டு பில்லும் கேமும்

"கரண்டு இழுக்குமே" என்று கவலைப்பட்டவர்களுக்குக் கணக்கு. 70 வாட்ஸ் கார்டு தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு 17 யூனிட்டுக்குள்தான். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம். 300 வாட்ஸ் கார்டு என்றால் அதே நேரத்துக்கு 72 யூனிட். பெருசாக வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் யூபிஎஸ். பகலில் த்ரீ பேஸ் வந்ததும் சுற்றிலும் இருக்கிற மோட்டார்கள் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும், வீட்டில் லைட் ஒரு தடவை மங்கி எரியும். யூபிஎஸ் இல்லாமல் இங்கே கம்ப்யூட்டர் வைக்க முடியாது. சாதாரண 600 விஏ யூபிஎஸ் 360 வாட்ஸ் தாங்கும். எங்கள் மிஷின், கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும். கோயமுத்தூர்க் கடைத் தம்பி சொன்ன பெரிய செட்டு அடங்காது.

பையன் கேம் ஆடுகிறானா? ஆடுகிறான். அக்கா எழுந்த பிறகு ஒரு மணி நேரம். அதை எதற்கு மறைக்க வேண்டும்? உங்கள் பிள்ளை ஆடினால் அது பொழுதுபோக்கு, எங்கள் பிள்ளை ஆடினால் ஊதாரித்தனமா? விவசாயி நலிந்துவிட்டான் என்று மேடையில் கண்ணீர் விடுகிறீர்கள். அவன் வீட்டில் ஒரு கார்டு வாங்கினால் "உனக்கு எதுக்கு இது" என்று மூக்கைச் சுளிக்கிறீர்கள். நாங்கள் ஏழையாக இருந்தால்தான் உங்களுக்கு எங்கள் மேல் அன்பு வருமா?

கழித்துக் கட்டியதைத் தர வேண்டாம்

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுவனத்தார் கம்ப்யூட்டர் தானம் கொடுத்தார்கள். பேனர், மாலை, போட்டோ எல்லாம் நடந்தது. உள்ளே பார்த்தால் கோர் 2 டுவோ, 2006-இல் அறிமுகமான சாதி. அதில் பாதி ஆன் ஆகவில்லை. நன்கொடை என்று பெயர் வைத்தால் குப்பை நன்கொடை ஆகிவிடுமா? 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர்க்க வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடம் மறுசுழற்சிக் கூடம் இல்லை.

பழசு கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் மிஷினே பழசுதான். 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறையாக ஓடும். அதற்கு முந்தைய மிஷின் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, ஆனாலும் லினக்ஸ் போட்டு நன்றாக ஓட்டலாம், பிளெண்டர் அதிலும் ஓடும். பழசைப் பற்றிப் பிரச்சினையே இல்லை. திறந்து பார்த்து, தூசி தட்டி, எஸ்எஸ்டி போட்டு, ரேம் சேர்த்து, ஓடுகிற நிலையில் கொடுங்கள். வாங்குகிற பிள்ளை என்ன வேலை பண்ணப் போகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஊரில் தம்பி பிள்ளை, அக்கா பிள்ளை யாராவது கம்ப்யூட்டரைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்டால், பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன்னால் வேலையைக் கேளுங்கள். "லேப்ல பண்ணு" என்று சொல்லும் முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். "இது போதும்" என்று முடிக்காமல், "இது போதுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பதில் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.